முன்னறைக் கட்டில்

பால்க்ளூதா
21 நவம்பர் 1983

அன்புள்ள திருமதி ஸ்ட்ராங் அவர்களுக்கு,

பாபடோவாயில் இருக்கும் உங்கள் கடலோர வீட்டை டிசம்பர் பதினேழிலிருந்து ஜனவரி இருபத்தெட்டு வரை வாடகைக்கு எடுத்திருப்பவள் நான்தான். கடைக்காரர் வழியாகப் பேசி முடித்ததால் நேரில் அறிமுகமாக முடியவில்லை. இங்கே தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இது என் முதல் வருடம்.

ஒரு அனுமதி கேட்கவே எழுதுகிறேன். இந்த டிசம்பர், ஜனவரிக் கோடை முழுவதும் என் அம்மா என்னோடு அங்கே தங்குவாள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மார்ச்சில் இலையுதிர்காலம் வரும்வரை உயிரோடு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இதுவரை ஒரு நாள்கூட விடுமுறை என்று எங்கேயும் போய்த் தங்கியதில்லை.

அவளை முன்பக்கப் படுக்கையறையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். கட்டிலில் படுத்தபடியே கடல் தெரியும் அறை அது. அதற்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, திரைச்சீலை மாற்றி, கொஞ்சம் அழகு செய்யலாமா? எல்லாவற்றையும் நானே செய்வேன். செலவும் என்னுடையது. வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. நேரில் இவ்வளவு பேச மாட்டேன்.

மரியாதையுடன்,
ரேவின் புல்லர்

*

டனீடன்
26 நவம்பர் 1983

அன்புள்ள செல்வி புல்லர்,

வாடகைக்கு வருகிறவர்கள் பெயிண்ட் அடிக்கக் கேட்பது இதுதான் முதல் தடவை. வழக்கமாகப் பானையை உடைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் போய்விடுவார்கள்.

அடித்துக்கொள்ளுங்கள். சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். சுவர்ப் பலகையில் ஆணி கூடாது. கூரைப் பலகையைத் தொடக் கூடாது. என் கணவர் தன் கையால் போட்டது. அடர் நிறம் எதுவும் வேண்டாம். தொட்டி முழுக்க மழைநீர்தான், தூரிகை கழுவுகிறேன் என்று அதைக் காலி செய்துவிடாதீர்கள். புறப்படும் நாளில் பத்து மணிக்குள் விரிப்புகளைக் கழற்றிப் பெருக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். இது எல்லோருக்கும் உள்ள விதி.

அறைக்கு நாற்காலி வேண்டுமென்றால் பின்கொட்டகையில் பிரம்பு நாற்காலி ஒன்று கிடக்கிறது. ஒரு கால் ஆடும்.

கட்டிலிலிருந்தே கடல் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். கடைக்காரர் சொல்லியிருப்பார்.

உங்கள் அம்மாவுக்கு என் விசாரிப்புகள்.

மி. ஸ்ட்ராங்

*

பாபடோவாய்
22 டிசம்பர் 1983

அன்புள்ள திருமதி ஸ்ட்ராங் அவர்களுக்கு,

அறை முடிந்துவிட்டது. உங்கள் வீடு என்பதால் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சுவருக்கு வெளிறிய மஞ்சள். மூன்று பூச்சு தேவைப்பட்டது. பழைய பச்சை மறைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடையில் பெவ் அம்மாள் டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது, "டீச்சரம்மா, உடம்பு சரியில்லாதவங்களுக்கு நீலம்தான் நல்லதுன்னு சொல்வாங்க" என்றாள். "யார் சொல்வாங்க?" என்று கேட்டேன். "நீலம் விக்கிறவங்க" என்றாள். வாரம் முழுவதும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கூரையைத் தொடவில்லை. பலகைக் கணுக்கள் அப்படியே இருக்கின்றன. திரைச்சீலைக்கு இளம்பச்சைக் கோடு போட்ட பருத்தி. ஆணி அடிக்காமல் பழைய கம்பியிலேயே மாட்டினேன். கட்டிலை ஒரு சாண் ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். கண்ணாடி மேசையை நடையில் வைத்திருக்கிறேன். அம்மா இப்போதெல்லாம் தன் முகத்தைப் பார்க்க விரும்புவதில்லை. பிரம்பு நாற்காலிக்குக் காலடியில் ஒரு தக்கை கொடுத்தேன். படுக்கைக்கு மேல் வெள்ளைக் குஞ்சம் வைத்த விரிப்பு, புதியது. கடைகளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா கையால் தடவிவிட்டு நடந்துவிடுவாள். அதனால் வாங்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நிறத்தைச் சொன்னேன். "மஞ்சளா? கஸ்டர்ட் கிண்ணத்துக்குள்ள என்னைப் படுக்க வைக்கப்போறியா?" என்றாள். எந்த வீடு என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. இருபத்தேழாம் தேதி அழைத்து வருகிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
ரேவின் புல்லர்

*

டனீடன்
30 டிசம்பர் 1983

அன்புள்ள ரேவின்,

பெயர் சொல்லி அழைப்பதைத் தவறாக நினைக்க மாட்டாய் என்று நம்புகிறேன். என் மகளைவிட நீ சின்னவள்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்த அறையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து ஏழு வருடமாக அந்தப் பக்கம் போகவில்லை. என் கணவர் இறந்ததும் அதே வருடம்தான்.

உங்களுக்கு முன் இருந்தவர்கள் போர்வைகளை ஈரத்தோடு அலமாரியில் திணித்துவிட்டுப் போனதாகக் கேள்வி. நல்ல ஆள் கிடைப்பதில்லை. முன்பு தெல்மா என்று ஒருத்தி இருந்தாள். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒருவர் காலி செய்து, இரண்டு மணிக்கு அடுத்தவர் வருவதற்குள் வீடு முழுவதையும் புதிதாக்கிவிடுவாள். அவள் மடித்த விரிப்பு மூலை கடித உறை மடித்த மாதிரி இருக்கும். ஏதோ சின்ன விஷயத்தில் வராமல் நின்றுவிட்டாள். அப்புறம் அப்படி ஒருத்தி அமையவே இல்லை.

உன் அம்மாவுக்கு அறை பிடித்ததா? எழுது.

மியூரியல் ஸ்ட்ராங்

*

பாபடோவாய்
8 ஜனவரி 1984

திருமதி ஸ்ட்ராங்,

என் அம்மாவின் பெயர் தெல்மா.

எட்டு வருடம் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்தவளுக்கு ஒரு குடும்பப் பெயர் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? முதல் கடிதத்திலேயே என் பெயரை முழுதாக எழுதினேன். உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதையும் எதிர்பார்த்துத்தான் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவள் வராமல் நின்றுவிடவில்லை. 1969 ஜனவரி. எனக்கு ஏழு வயது. நல்ல காய்ச்சல். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் கூடவே கூட்டி வந்தாள். மற்ற சனிக்கிழமைகளில் நான் பின்வாசல் படியில்தான் உட்கார்ந்திருப்பேன். அன்று உட்கார முடியவில்லை. புது விரிப்பு போட்டு முடித்த முன்னறைக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தாள். அங்கிருந்துதான் கடலைப் பார்த்தேன். கூரைப் பலகைக் கணுக்களை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன். நீங்கள் சீக்கிரமே வந்துவிட்டீர்கள். "அந்தப் பிள்ளையை இறக்கு. எல்லாத் துணியையும் மறுபடி வேகவை" என்றீர்கள். அவள் வேகவைத்தாள், பிழிந்தாள், உலர்த்தினாள். அதற்குப் பிறகுதான், அடுத்த சனிக்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றீர்கள். வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் என்னைத் திட்டக்கூட இல்லை.

அந்தக் கட்டிலில் அவளை விருந்தாளியாகப் படுக்க வைக்க வேண்டும் என்று பட்டப்படிப்பு முடிக்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன். அவளுக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

வாசலில் காரை நிறுத்தியதும், "இந்த வீடாடி?" என்றாள்.

"ஆமாம்மா."

"வேற வீடே கிடைக்கலையா உனக்கு?"

 நான் முன்கதவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் சுற்றிப் போய்ப் பின்வாசல் வழியாக வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அறையைப் பார்த்து, "கஸ்டர்ட்தான். நான் சொன்னேன்ல" என்றாள். ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டித் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். "பரவாயில்ல, கத்துக்கிட்டிருக்க."

இரவில் மேல்விரிப்பின் மேலேயே படுத்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

"உள்ள படும்மா."

"கசங்கிடும்."

"கசங்கட்டுமே. இது நம்ம அறைம்மா."

"நம்மதா? நல்லா இருக்கே கதை."

முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. காலையில் நான் எழுந்தபோது படுக்கை முழுவதையும் கழற்றி, மடித்து, கதவோரம் வைத்திருந்தாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தொடப்பத்த எடு, பத்து மணி ஆகப்போகுது. ரெண்டு மணிக்கு ஆளுங்க வந்துடுவாங்க."

வலிக்குக் கொடுக்கும் மாத்திரை அவளை இப்படிக் குழப்புகிறது என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொல்கிறாள். மற்ற நாட்களில் தெளிவாகத்தான் இருக்கிறாள்.

"யாரும் வரலைம்மா. ஆறு வாரமும் நாமதான்."

"வீட்டுக்காரம்மா சொன்னாளா?"

"நான் சொல்றேன்."

"நீ யாரு சொல்றதுக்கு?"

மடித்த விரிப்புகளை எடுத்து மறுபடி கட்டிலில் விரித்தேன்.

உங்கள் கடிதம் செவ்வாயன்று வந்தது. ஒளித்து வைத்தேன். நேற்று மறுபடி சனிக்கிழமை. நான் கடைக்குப் போய் வந்த கால் மணி நேரத்தில் விரிப்பைத் துவைத்துக் கொடியில் போடப் போயிருக்கிறாள். ஈர விரிப்போடு புல்லில் விழுந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "கறை படலை, பாரு, கறை படலை."

இப்போது சமையலறைச் சாய்விருக்கையில் படுத்திருக்கிறாள். அங்கேயே இருக்கிறேன் என்கிறாள். மூன்று பூச்சு அடித்து, திரை தைத்து, நான் அவளுக்கு அமைத்துக் கொடுத்தது அவள் சுத்தம் செய்ய இன்னொரு அறை.

என் வைராக்கியத்துக்கு அவளை இழுத்து வந்துவிட்டேன். அது என் தவறு. மற்றது உங்களுடையது.

ரேவின் புல்லர்

*

டனீடன்
9 ஜனவரி 1984

அன்புள்ள ரேவின்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அங்கே மழையே இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். தொட்டியில் பாதிக்குக் கீழ் போனால் துவைப்பதை நிறுத்திவிடு. அறையைப் பற்றி உன் அம்மா என்ன சொன்னாள் என்று நீ எழுதவே இல்லையே.

மியூரியல் ஸ்ட்ராங்

*

டனீடன்
13 ஜனவரி 1984

ரேவின்,

நாம் எழுதிய கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. தொட்டியைப் பற்றி எழுதியதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

எனக்கு நினைவில்லை என்று மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நினைவிருக்கிறது. உன் காலுறை ஒன்று கழன்று தரையில் கிடந்தது. சாம்பல் நிறம். அன்று இரண்டு மணிக்கு வரவிருந்தவர்கள் என் கணவரின் மேலதிகாரியும் அவர் மனைவியும். அதைக் காரணமாக எழுதலாம் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் காரணம் மாதிரித் தெரியவில்லை.

வர வேண்டாம் என்று சொன்னபோது உன் அம்மா, "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். ஏதாவது எதிர்த்துச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லிவிட்டு மறந்திருப்பேன். பிறகு வந்தவர்களிடம் அவள் தானாக நின்றுவிட்டதாகச் சொன்னேன். சொல்லிச் சொல்லி, உனக்கும் அதையே எழுதும் அளவுக்கு எனக்கே அது பழகிவிட்டது. அவள் குடும்பப் பெயரைக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை; கேட்க வேண்டியது அவளிடம். ஆனால் உடம்பு முடியாமல் இருப்பவளிடம் போய் மன்னிப்புக் கேட்டால், அது அவள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது மாதிரி. அதனால் அவளுக்கு எது தேவையோ அதை மட்டும் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ சொல்வதற்கு அவள் "நீ யாரு" என்று கேட்டாள் அல்லவா? நான் யார் என்று அவளுக்குத் தெரியும். படிக்கக் கொடு. கொடுக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அடுப்பில் போட்டுவிடு.

மியூரியல் ஸ்ட்ராங்

_திருமதி தெல்மா புல்லர் அவர்களுக்கு,_

_முன்னறை ஜனவரி இருபத்தெட்டு வரை உங்களுடையது. இந்தச் சனிக்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. விரிப்பை மாற்ற வேண்டாம். எதையும் துவைக்க வேண்டாம்._

_அன்று காய்ச்சலாக இருந்த பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்தது சரி. உங்களை அனுப்பியது நான் செய்த தவறு._

_வீட்டுக்காரி,
மியூரியல் ஸ்ட்ராங்_

*

பாபடோவாய்
23 ஜனவரி 1984

அன்புள்ள திருமதி ஸ்ட்ராங் அவர்களுக்கு,

அம்மா நேற்று மதியம் இறந்துவிட்டாள். இலையுதிர்காலம் வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை பக்கத்து ஊரான ஒவாகாவில் அடக்கம்.

உங்கள் தாள் போன திங்களன்று வந்தது. அன்று முழுவதும் அதை என் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அடுப்பைக்கூட ஒரு முறை திறந்தேன். மாலையில்தான் கொடுத்தேன்.

மூக்குக் கண்ணாடி கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தாள். "அவ எழுத்துதான்" என்றாள். "அப்பவே கோழி கிளறின மாதிரிதான் எழுதுவா. 'அடுப்புக்குப் பின்னால் துடைக்கவும்'னு சீட்டு ஒட்டி வைப்பா." தாளின் முதல் வரியில் விரலை வைத்தாள். "'அவர்களுக்கு'ன்னு போட்டிருக்கா, பாத்தியா."

"பாத்தேம்மா."

"இத எழுதச் சொல்லி நீ சண்டை போட்டியா?"

"சண்டை போட்டேன். எழுதச் சொல்லலை."

"உனக்குச் சண்டை போட வருமா? கடையில மிச்சக் காசு கேக்கவே வாய் வராதே உனக்கு."

பிறகு எழுந்திருக்கக் கை நீட்டினாள். அறைக்குக் கூட்டிப் போனேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "அந்தப் போர்வையத் தூக்கு" என்றாள். உள்ளே படுத்தாள். படுத்ததும் காலால் துழாவி, "மூலைய யாரு மடிச்சது, நீயா? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றாள். சரி செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் வெயில் நன்றாக இருந்தது. தலையணையை உயர்த்தி வைத்தேன். வெகு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "எட்டு வருஷம் இந்த ஜன்னலத் தொடைச்சிருக்கேன்" என்றாள். "கடல் இவ்வளவு கிட்டன்னு தெரியாது."

"தொடைக்கும்போது பாத்ததே இல்லையா?"

"தொடைக்கும்போது கண்ணாடிய மட்டும்தான்டி பாக்கணும்."

சனிக்கிழமை விடியும் முன்பே விழித்துவிட்டாள். என்ன கிழமை என்று கேட்டாள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். சனி என்றேன். தாளை எடுத்துத் தரச் சொல்லி, படிக்காமல், நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். பத்து மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்குச் சற்றுப் பிறகு சரளைச் சாலையில் ஒரு கார் வரும் சத்தம் கேட்டது. அவள் கை விரிப்பை இறுக்கியது. கார் வாசலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டது. "வரலை பாரு" என்று சிரித்தாள். அப்புறம் தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நேற்று அந்தத் தூக்கத்திலிருந்து முழுதாக விழிக்காமலே போய்விட்டாள்.

ஆறு வாரத்தில் ஆறு நாள் அந்த அறை அவளுடையதாக இருந்தது. உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத முயன்றேன். முடியவில்லை. ஆனால் அந்த ஆறு நாளும் உங்கள் தாளால் வந்தவை. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்குள் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சமையலறை முடிந்தது. நடை முடிந்தது. வேலை எனக்குத் தெரியும்; அவளிடம் கற்றதுதான். இன்று காலையிலிருந்து நான்கு முறை முன்னறைக்குப் போய்விட்டேன். தலையணையில் பள்ளம் இருக்கிறது. விரிப்பு அவள் படுத்தபடியே கசங்கிக் கிடக்கிறது. அதன் ஓரத்தைப் பிடிக்கிறேன், இழுக்க முடியவில்லை. உங்கள் அடுத்த ஆட்கள் வர ஒரு நாள் தாமதமானால் பரவாயில்லையா? ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியாவது கழற்றிவிடுகிறேன்.

ரேவின்

*

டனீடன்
25 ஜனவரி 1984

அன்புள்ள ரேவின்,

விரிப்பை எடுக்காதே. பெருக்கவும் வேண்டாம். உன் பெட்டியையும் உன் அம்மாவின் பொருட்களையும் எடுத்துக்கொண்டு, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது கதவைச் சாத்திவிட்டுப் போ. வரவிருந்தவர்களுக்கு இன்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவர்கள் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை என்னைக் காரில் கொண்டுவந்து விடுகிறார். முப்பது வருடமாக அது என் வீடு. அங்கே ஒரு படுக்கையைக்கூட நான் கழற்றியதில்லை. குனிந்தால் இடுப்பு வலிக்கும், மெதுவாகத்தான் செய்வேன். எவ்வளவு நேரமானாலும் நானே செய்கிறேன்.

மியூரியல்